காணாமல் போன முப்பத்தைந்து சதுர அடி

மும்பையில் ஒருவரிடம் வயதைக் கேட்கலாம். சம்பளத்தைக் கேட்கலாம். லோக்கல் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம், கல்யாணமாகி நாலு வருடமாகியும் ஏன் இன்னும் விசேஷம் இல்லை என்று விசாரித்துவிட்டு, அவள் டப்பாவிலிருந்தே ஒரு வாய் போஹாவும் வாங்கித் தின்னலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் 'உங்கள் வீடு நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. நான் சொன்னேன். எனக்கு மாமனாராக வரலாம் என்று இருந்தவரிடம், அவருடைய சொந்த ஹாலில், இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது சொன்னேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, வீடுகளுக்கு மதிப்புப் போடும் ஒருவரின் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. யாராவது வீட்டுக் கடன் கேட்டால், அந்த வீடு அவ்வளவு பெறுமா என்று பார்த்துவரச் சொல்லி பேங்க் எங்கள் ஆபீசுக்கு ஃபைல் அனுப்பும். நான் போய் அளந்து, படம் எடுத்து, சுவரைத் தட்டிப் பார்த்து, அன்று சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் எழுதித் தர வேண்டும். காலையில் டோம்பிவிலி, மத்தியானம் முலுண்ட், நாலு மணிக்கு சான்பாடா. ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி. வீடு பூட்டியிருந்தால் கூலியும் பூட்டு.

இந்த வேலையில் ஒரு கொடுமை உண்டு. நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுக் கக்கூசைத்தான் நீளம் அகலம் பார்ப்போம். ஆனால் அவசரத்துக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்க முடியாது. (ஒரே ஒரு தடவை கேட்டேன். அந்த அம்மாள் பேங்குக்கு போன் போட்டு, 'நீங்கள் அனுப்பிய பெண் அளக்க வந்தாளா, குளிக்க வந்தாளா' என்று கேட்டுவிட்டார்.) இன்னொரு கண்டிப்பும் உண்டு. போன இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. டீயைக் குடித்துவிட்டு விலையைக் கூட்டிப் போட்டாள் என்று பெயர் வந்துவிடுமாம். ஆகவே மே மாத வெயிலிலும் நாக்கு ஒட்டிக்கொள்ள, 'வேண்டாம் அங்கிள், வேண்டாம் ஆன்ட்டி' என்று சொல்லிச் சொல்லி அது எனக்குச் சுவாசம் போலப் பழகிவிட்டது.

எதிர்காலம் எப்படி என்று கேட்டால், அது தூரத்தில் இருந்தது. வருடக்கணக்கில் அனுபவம் சேர்த்து, பரீட்சை எழுதி, பதிவு வாங்கினால்தான் ரிப்போர்ட்டில் நாமே கையெழுத்துப் போடலாம். அதுவரை அளப்பது நான், எழுதுவது நான், கையெழுத்து சார். இதற்கிடையில், இனிமேல் கம்ப்யூட்டரே விலை சொல்லிவிடும், நீங்கள் எல்லாம் எதற்கு என்று பேங்க்காரர்கள் அவ்வப்போது வயிற்றில் புளியைக் கரைப்பார்கள். ஆனாலும் எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. தாராவியில் ஒரே அறையும் மேலே ஒரு பரணுமாக வளர்ந்தவளுக்கு, நகரத்தின் எல்லா வீட்டுக் கதவும் திறக்கிற வேலை என்றால் பிடிக்காமல் இருக்குமா?

மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான் பிடிக்கவில்லை. அப்பா தாராவியில் தையல் மிஷின் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்குள்ளேயே மூன்று வரன் வந்தது. மூன்றும், "பொண்ணு தனியா யாரு யாரு வீட்டுக்கோ போற வேலையாமே" என்று ஒரே வாக்கியத்தில் போயிற்று. மூன்றாவது வீட்டார், கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுவிட்டால் யோசிக்கலாம் என்றார்கள். அம்மா யோசித்தாள். நான் யோசிக்கவில்லை.

நாலாவது வரன் செம்பூர். பையன் பெயர் முருகேஷ், ஏசி கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். போனில் பேசும்போது நானே முந்திக்கொண்டு என் வேலையைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அரே, நானும் டெய்லி தனியாதான் யார் யார் வீட்டுக்கோ போறேன். என்னை யாரும் கேக்கலையே!"

அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த இடம் அமைய வேண்டும் என்று மாட்டுங்கா கோயிலில் போய் வேண்டிக்கொண்டும் வந்தேன்.

எங்கள் வழக்கப்படி, நிச்சயத்துக்கு முன்னால் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்கப் போவார்கள். வீடு எப்படி, தண்ணீர் வருகிறதா, அடுப்படி வசதியா என்று பெரியவர்கள் நோட்டம் விட்டு வருவார்கள். பெண் போகும் வழக்கம் இல்லை. ஆனால் முருகேஷின் அப்பாவே போன் செய்து, "பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. வீடு பாக்கதுதானே அவ வேலை, அவ பாக்காம யாரு பாக்க?" என்று அழைத்துவிட்டார். அம்மாவுக்குத் துளியும் இஷ்டமில்லை.

"ஏட்டி, அங்க வந்து வாயத் திறந்த, கொன்னுருவேன்" என்றாள். "தலையக் குனிஞ்சு உக்காரணும். சுவரத் தட்டப்பிடாது."

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குப் போய் இறங்கினோம். பழைய நான்கு மாடிக் கட்டடம், இரண்டாவது மாடி. பட்டுப் புடவை கட்டியிருந்தேன். தோளில் ஆபீஸ் பை. (அது ஏன் வந்தது என்று இன்றுவரை அம்மா கேட்கிறாள். கை தானாக எடுத்துவிட்டது.) செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தவள் தலையைக் குனியவில்லை. நேராக விதானத்தைப் பார்த்தேன். மூலையில் ஈரம் இறங்கிய கறை. அம்மா என் இடுப்பில் கிள்ளினாள்.

முருகேஷின் அம்மா தட்டில் காப்பி கொண்டுவந்து நீட்டினார். என் வாய் தானாகப் பேசியது.

"வேண்டாம் ஆன்ட்டி. விசிட்ல எதுவும் எடுத்துக்கக் கூடாது."

எங்கள் பக்கத்தில், சம்பந்தம் பேச வந்த வீட்டில் காப்பியை வேண்டாம் என்றால் சம்பந்தமே வேண்டாம் என்று பொருள். தட்டு அந்தரத்தில் நின்றது. எங்களோடு வந்திருந்த பெரியப்பா குடித்துக்கொண்டிருந்ததைக் கீழே வைத்துவிட்டார். "அவளுக்குக் காலையிலேருந்து வயிறு சரியில்ல மைனி" என்று அம்மா பாய்ந்து சமாளித்தாள். அத்தோடு எழுந்து வந்திருந்தால்கூடப் பிழைத்திருப்போம்.

முருகேஷின் அப்பா உரக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் முகமே வேறாக இருந்தது. தாராவியில் நாலு பேரோடு பரணில் படுத்து, மிச்சம் பிடித்து வாங்கிய வீடு. இப்போது கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ஒரு பில்டர் வந்திருக்கிறார். பழைய வீட்டின் அளவை வைத்துத்தான் புது வீட்டின் அளவு. அடுத்த ஞாயிறு கட்டடத்து வீட்டுக்காரர்கள் கூடும் சொசைட்டி மீட்டிங், அங்கே ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு அளவை எழுதிக் கொடுக்க வேண்டும்.

"நானூத்தி முப்பது கார்பெட்!" என்று தொடையைத் தட்டினார். கார்பெட் என்றால் சுவரை விட்டுவிட்டு உள்ளே கால் வைக்கும் இடம் மட்டும். "பில்டிங்லயே பெரிய வீடு நம்மளுதுதான். ஏம்மா, நீயே அளந்து சொல்லேன். எல்லாரும் கேக்கட்டும்."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல், மிரட்டல், எனக்கு வரன் அமைய அவள் இருந்த இரண்டு வருடத்துப் பட்டினி விரதம் எல்லாம் இருந்தது. ஆனால் முருகேஷும் என்னைப் பார்த்தார், கொஞ்சம் பெருமையாக. நான் எழுந்து புடவையைச் செருகிக்கொண்டேன்.

லேசர் மீட்டர் ஒரு சோப்புப் பெட்டி அளவு இருக்கும். இந்தச் சுவரில் ஒட்டிவைத்துப் பொத்தானை அமுக்கினால் அந்தச் சுவரில் சிவப்புப் புள்ளி விழும், நடுவில் இருக்கும் தூரம் திரையில் வரும். புள்ளி முருகன் படத்தில் விழுந்தது, முருகேஷின் அத்தை நெற்றியில் விழுந்தது, எல்லோரும் சிரித்தார்கள். ஹால், படுக்கையறை, அடுப்படி, குளியலறை, கழிவறை, நடை. ஆறு இடமும் அளந்து, போனில் பெருக்கிக் கூட்டினேன். சிரிப்பு இன்னும் ஓயவில்லை. நான் ஆபீஸ் குரலில் அறிவித்தேன்.

"கார்பெட் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து."

முருகேஷின் அப்பா தொடையிலிருந்து கையை எடுத்தார்.

"இன்னொருக்கா பாரும்மா" என்றார் அவர். பார்த்தேன். அதே முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலிப் பெண் என்ன செய்திருப்பாள்? மீட்டரில் பேட்டரி போய்விட்டது என்று சொல்லியிருப்பாள். மயக்கம் போட்டு விழுந்திருப்பாள். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

"வருத்தப்படாதீங்க அங்கிள். எல்லா ஓனரும் கூட்டித்தான் சொல்லுவாங்க. எங்களுக்குப் பழக்கம்தான். அதுவும் இந்தக் கட்டடத்துக்கு இன்னும் எட்டு வருஷம்தான் ஆயுசு. லீக்கேஜ் வேற இருக்கு."

முருகேஷின் அம்மா தட்டைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்துவிட்டார். "அப்பம் இருவத்தெட்டு வருசமா இல்லாத முப்பத்தஞ்சு அடியையும் சேத்தா நான் கூட்டிப் பெருக்கிட்டு இருந்தேன்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவருடைய கணவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். அந்த முதுகைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. நான் குறைத்தது அடியை இல்லை, அந்த மனிதரை. முருகேஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது டாக்சியில் அம்மா என் ஆபீஸ் பையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சயான் சிக்னலில் அப்பாதான் வாயைத் திறந்தார்.

"ஏளா, அந்த எட்டு வருசத்தயாவது சொல்லாம இருந்திருக்கலாம்லா?"

சாயங்காலம் செம்பூரிலிருந்து தகவல் வந்தது. யோசித்துச் சொல்கிறார்களாம்.

திங்கட்கிழமை காலையில் டோம்பிவிலியில் ஒரு வீட்டை அளந்துவிட்டு ஆபீசுக்கு வந்தேன். சார் என் கணக்கையும் அந்த வீட்டின் மாநகராட்சி பிளானையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிளானில் பத்தடி என்றிருந்த அறை என்னிடம் ஒன்பதடி ஏழரை அங்குலம். பன்னிரண்டடி அறை பதினோரடி ஏழரை. அடுப்படியும் நாலரை அங்குலம் குறைவு.

"பூரா கர் சிகுட் கயா க்யா?" என்றார். வீடு மொத்தமும் துவைத்ததில் சுருங்கிவிட்டதா என்று கேட்கிறார்.

மீட்டரை வாங்கிப் பார்த்துவிட்டு என் முன்னால் வைத்தார். அளவை அதன் அடிப்பக்கத்திலிருந்து எடுப்பதா, தலைப்பக்கத்திலிருந்து எடுப்பதா என்று மாற்ற அதில் ஒரு பொத்தான் உண்டு. சனிக்கிழமை ஒரு கடையின் இடுக்கில் அளப்பதற்காகத் தலைப்பக்கத்துக்கு மாற்றியிருந்தேன். திருப்பி மாற்றவில்லை. ஆகவே அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு அளவிலும் அந்தச் சோப்புப் பெட்டியின் நீளம், சரியாக நாலரை அங்குலம், விட்டுப் போயிருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லித்தரும் பாடம் இது.

செம்பூரில் ஆறு அறை, பன்னிரண்டு அளவு. முருகேஷின் அப்பா சொன்னதுதான் சரி. கூட்டிச் சொல்லும் ஓனர்களைப் பற்றி நான் கொடுத்த சொற்பொழிவு நினைவுக்கு வந்து, பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். (ஆபீஸ் பாத்ரூம், ஐந்தடிக்கு நாலடி. அந்த நிலையிலும் கண் அளந்தது.)

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். எப்படியும் சம்பந்தம் போயாயிற்று. இப்போது போய் உண்மையைச் சொன்னால், வேலையும் தெரியாதவள் என்ற பட்டமும் சேரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் அவர் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து என்று எழுதிக் கொடுத்துவிட்டால்? புதன்கிழமை முருகேஷுக்கு போன் செய்தேன். மீட்டர் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அப்பா மூணு நாளா அம்மாவோட இஞ்ச் டேப்பை வெச்சு வீட்டை அளந்துட்டு இருக்கார்" என்றார். "மூணு தடவை, மூணு டோட்டல். சாப்பாடே இறங்கல. நீங்க வாங்க. ஆனா ப்ளீஸ், அந்த ரெட் லைட் வேண்டாம். ஸ்டீல் டேப் எடுத்துட்டு வாங்க."

நிச்சயம் ஆகாத பெண் மாப்பிள்ளை வீட்டுக்குத் தனியாகப் போவதாவது! அம்மாவிடம் சொல்லியிருந்தால் என் காலை ஒடித்திருப்பாள். வியாழக்கிழமை சான்பாடாவில் ஒரு வீட்டை முடித்துவிட்டு, ஹார்பர் லைன் பிடித்து, ஐந்து மணிக்கு அந்தக் கதவைத் தட்டினேன். முருகேஷின் அப்பாதான் திறந்தார். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது.

"மாமா, நான் தப்பா அளந்துட்டேன்" என்றேன். "உங்க கணக்குதான் சரி. மெஷின் மேல தப்பில்ல, நான்தான் கவனிக்கல."

அவர் கதவை முழுக்கத் திறந்துவிட்டார். பிறகு உள்ளே திரும்பி, "ஏட்டி, என் கண்ணாடிய எடு" என்றார்.

ஸ்டீல் டேப் இரண்டு பேர் வேலை. ஒரு முனையை முருகேஷ் சுவரோடு அழுத்திப் பிடித்தார், மறுமுனையில் நான். அளவை நான் சொல்லக் கூடாது, மாமாவே கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து படிப்பார். அவர் மனைவி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். பீரோவை நகர்த்தினோம். கட்டிலை நகர்த்தினோம். கழிவறையில் நாலு பேரும் நிற்க இடமில்லாமல், அவரும் டேப்பும் மட்டும் உள்ளே போனார்கள். அவர் பெருக்கினார், முருகேஷ் பெருக்கினார், நான் பெருக்கினேன். மூன்றும் ஒன்றாக வந்தது. நானூற்று முப்பத்தொன்று.

"ஒண்ணு கூடல்லா இருக்கு!" என்றார். காலண்டர் தாளை வாங்கி மறுபடி மறுபடி பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "இத உன் ஆபீஸ் காயிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தா. மீட்டிங்ல காட்டணும்."

"எனக்குக் கையெழுத்துப் போடுற அதிகாரம் இல்ல மாமா. சார்தான் போடணும். நாளைக்கு வாங்கித் தாரேன்."

"உனக்கு அது எப்பம் வரும்?"

"இன்னும் அனுபவம் வேணும். அப்புறம் பரீட்சை இருக்கு."

அவர் முகத்தில் கணக்கு ஓடியது. பில்டர் வருவார், புது வீடு வரும், அதையும் அளக்க வேண்டும், எத்தனை பேர் எத்தனை அடியைச் சுருட்டுவார்களோ!

"அப்பம் கல்யாணத்துக்குப் பொறவும் வேலைக்குப் போயிட்டுத்தான் இருக்கணும்" என்றார், தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது போல. பிறகு சத்தமாக, "ஏட்டி, மருமவளுக்குக் காப்பி போடு. இந்த மட்டம் குடிப்பாளான்னு பாப்போம்."

டேப்பின் மறுமுனையை முருகேஷ் இன்னும் விடவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காப்பி கொதிக்கக் கொதிக்க வந்தது, நாக்கு வெந்தாலும் பரவாயில்லை என்று ஒரே மூச்சில் குடித்தேன். அவ்வளவு சந்தோஷத்தோடு நான் எதையும் குடித்ததில்லை.

இதெல்லாம் நடந்து பல வருடம் ஆகிவிட்டது. இப்போது ரிப்போர்ட்டில் நானே கையெழுத்துப் போடுகிறேன். கம்ப்யூட்டர் இன்னும் என் வேலையைப் பறிக்கவில்லை. சொசைட்டி மீட்டிங்கில் இன்னும் சண்டைதான், பில்டர்தான் இரண்டு தடவை மாறிவிட்டார். மாமா மட்டும் கதையை விடுவதாக இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "இவ மொத மொத காலெடுத்து வச்ச அன்னைக்கு நம்ம வீடு முப்பத்தஞ்சு அடி சுருங்கிப் போச்சு" என்று ஆரம்பிப்பார். அந்த முப்பத்தைந்து இரண்டாம் வருடம் ஐம்பதாயிற்று. போன தீபாவளிக்கு எழுபது. மும்பையில் விலை ஏறுவதைவிட வேகமாக ஏறுகிறது.

அதே தீபாவளிக்கு டோம்பிவிலியிலிருந்து மாமாவின் அக்கா வந்திருந்தார். நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்துவிட்டு, "பண்டிகையும் அதுவுமா இவ தனியா யாரு யாரு வீட்டுக்கோ போறாளே, பயமா இருக்காதா?" என்று தம்பியிடம் கேட்டார்.

மாமா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"இருக்காம என்ன? அந்த வீட்டுக்காரனுவளுக்கு."

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. பதிலைத்தான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.